தெருவில் ஒரு மாலை வகுப்பு: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

2022 ஜூன் மாதம். மூன்றாம் வகுப்புக்குப் போயிருந்த ஒரு பையன் என் முன்னால் உட்கார்ந்து, தமிழ்ப் புத்தகத்தை விரித்து, ஒரு பக்கம் முழுக்கத் தடங்கலில்லாமல் வாசித்தான். அவன் அம்மா வாசற்படியில் பூ கட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. பக்கத்தின் நடுவே இருந்த 'மரம்' என்ற சொல்லில் விரலை வைத்து, "இது என்னப்பா?" என்று கேட்டேன். அவன் விரல் அந்த வரியின் தொடக்கத்துக்குப் போனது. முதல் சொல்லிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தவன், என் விரல் இருந்த இடம் வந்ததும் நிறுத்தி, "மரம்" என்றான். பக்கம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். எழுத்துகளில் அவனுக்குத் தெரிந்தது 'அ', 'ப', 'ம' மட்டும்தான்.

அவன் மேல் குற்றமில்லை. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் கொரோனாவால் மூடியிருந்த ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதாவது, அந்தப் பிள்ளை முதல்முதலாக வகுப்பறைக்குள் உட்கார்ந்தபோதே இரண்டாம் வகுப்பு மாணவன். 2022 ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரி 1-ல் திறந்தார்கள். அப்புறம் நான்கு மாதம் போனால் மூன்றாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பு என்ற ஒன்று அவன் வாழ்க்கையில் நடக்கவே இல்லை.

அந்த வயதுப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஆனால் விட்டுப்போனது தானாக வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. உங்கள் தெருவிலும் அப்படி ஆறு, ஏழு பேராவது இருப்பார்கள். அவர்களுக்காக மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆசிரியர் பயிற்சி வேண்டாம். பிளஸ் டூ முடித்தவர் தாராளமாகச் செய்யலாம். 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தொடக்க வகுப்புகளுக்கு வந்த தன்னார்வலர்களிடம் அதைத்தான் கேட்டார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு சுமார் 2 லட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அந்த மையங்கள் பின்னாளில் குறைந்துவிட்டன. தேவை குறையவில்லை.

முதலில் தெருவை நடந்து பாருங்கள்

எடுத்த எடுப்பில் வகுப்பைத் தொடங்காதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். வீட்டில் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வகுப்பு, மாலையில் வீட்டில் யார் இருப்பார்கள், அம்மா வேலை முடிந்து எத்தனை மணிக்கு வருவார், கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், இவ்வளவையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் மாலை போதும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், "வகுப்பு நடக்கிறது, வாங்க" என்று அறிவித்தால் வருகிறவர்கள் ஏற்கெனவே ஓரளவு படிக்கிற பிள்ளைகள். அவர்களுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிவர ஆள் இருக்கிறது. யாருக்காக ஆரம்பித்தீர்களோ அந்தப் பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று பார்க்கும். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பிலும் இதுவே நடந்தது. வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்குத் திரும்பி வந்தால் பத்தாவது படிக்கிற அண்ணனுக்கு முதல் உரிமை. அஞ்சாவது படிக்கிற தங்கச்சி கைக்கு வரும்போது சார்ஜும் இருக்காது, டேட்டாவும் இருக்காது. வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பியாகிவிட்டது என்பது உண்மை. அவளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை.

அதனால் நோட்டில் முதல் பக்கத்தை வராதவர்களுக்கு ஒதுக்குங்கள். தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பெண்ணிடம், "தம்பியையும் கூட்டிட்டு வா" என்று சொன்னாலே போதும். ஓரத்தில் ஒரு பாயும் நாலு தேங்காய்ச் சிரட்டையும் போட்டால் தம்பி அவன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பான். இரைச்சல் இருக்கும்தான். பரவாயில்லை.

இடம்

வெளிச்சம், கழிப்பறை, குடிதண்ணீர், இந்த மூன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். திண்ணை, மொட்டை மாடி, அங்கன்வாடி, பள்ளி வராந்தா எதுவானாலும் சரி. பள்ளி வராந்தா என்றால் தலைமை ஆசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் கேளுங்கள். குழுவில் பெரும்பான்மையோர் பெற்றோர்கள்தான், உங்களுக்குத் தெரிந்த முகமாகவே இருக்கும்.

கோயில் மண்டபம் வசதியாகத் தோன்றும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் அங்கே தயங்காமல் ஏறி உட்கார முடியுமா என்பதை முதலில் விசாரியுங்கள். ஊர்த் தெருவில் வைத்தால் காலனிப் பிள்ளைகள் வருவார்களா, காலனியில் வைத்தால் ஊர்த் தெருக்காரர்கள் அனுப்புவார்களா என்ற கேள்வி நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பிள்ளைகள் மட்டும் வராமல் போவார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடம் பெரும்பாலும் அரசுப் பள்ளிதான். அது கிடைக்காத ஊரில் நான் தயங்காமல் காலனியில் வைக்கச் சொல்வேன். தூரம் நடக்கிற கஷ்டம் இதுவரை அந்தப் பிள்ளைகளுக்கே இருந்திருக்கிறது.

பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எந்தப் பிள்ளையோடும் தனியாக மூடிய அறையில் இருக்காதீர்கள். வகுப்பு நேரத்தில் அந்தத் தெருவின் பெரியவர் ஒருவர், முடிந்தால் ஒரு தாய், கண் பார்வையில் இருக்கட்டும். இருட்டினால் பிள்ளைகளைக் கூட்டமாக வீடு வரை கொண்டுபோய் விடுங்கள். பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.

பத்து நிமிடச் சோதனை

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. எந்த வகுப்பு என்று கேட்டு அந்த வகுப்புப் புத்தகத்தை எடுத்தீர்களானால் வேலை அங்கேயே கெட்டது. பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு தாளில் நான்கு பகுதி எழுதிக்கொள்ளுங்கள். முதலில் பத்து எழுத்துகள், வரிசை மாற்றி. 'க, ங, ச' என்று வரிசையாகக் கொடுத்தால் பாட்டாகப் பாடிவிடுவார்கள், ஒன்றும் தெரியவராது. இரண்டாவது, படம், கல், மாடு, பூனை போன்ற எளிய சொற்கள் பத்து. மூன்றாவது, நாலு வரிக் குட்டிப் பத்தி. நான்காவது, எட்டுப் பத்து வரியில் ஒரு கதை. கதையும் பத்தியும் நீங்களே எழுதியதாக இருக்கட்டும். பாடப் புத்தகத்திலிருந்து எடுத்தால் நான் முதலில் சொன்ன பையன் மாதிரி மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு கிராமங்களில் வீடு வீடாக நடத்துகிற 'அசர்' ஆய்வில் பிள்ளைகளைச் சோதிப்பது கிட்டத்தட்ட இந்த முறையில்தான். அந்த ஆய்வின்படி, மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் நாடு முழுவதும் கிராமப்புறங்களில் 2018-ல் 27.3 விழுக்காடு, 2022-ல் 20.5, 2024-ல் 27.1. தமிழ்நாட்டில் மட்டும் 2022-ல் 4.8. இந்த எண்களைச் சொல்வது பயமுறுத்த இல்லை. உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளை தனி ஒருத்தி கிடையாது, அவளுக்கு மூளை மந்தம் என்று நினைக்கவும் காரணமில்லை. அதை நீங்கள் நம்பினால்தான் அவள் அம்மாவிடம் நம்பிக்கையோடு சொல்ல முடியும்.

சோதனையைத் தனித்தனியாக, மற்றவர்கள் காதில் விழாத தூரத்தில் செய்யுங்கள். தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள், குறித்துக்கொண்டால் போதும். ஏழாம் வகுப்புப் பையன் எழுத்திலேயே நின்றுவிட்டால் அவன் முகத்தை நேருக்கு நேர் பார்க்கக்கூட வேண்டாம். "சரி, நல்லது, அடுத்து" என்று நகர்ந்துவிடுங்கள். அவனுக்குத் தெரியும், பல வருஷமாக அதை மறைத்து வைத்திருக்கிறான். இன்னொரு விஷயம்: 'ஆல் பாஸ்' என்ற சொல்லை உங்கள் வகுப்பில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது. 2020-ல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானது, 2021-ல் ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றுக்கும் தேர்வில்லாமல் தேர்ச்சி. அந்தப் பிள்ளைகள் கேட்டு வாங்கிய தேர்ச்சி கிடையாது அது. ஆனால் வேலை தேடிப்போகிற இடம் வரைக்கும் அந்தப் பேச்சு அவர்களைத் துரத்தியிருக்கிறது.

வகுப்பை மறந்து குழு பிரியுங்கள்

எழுத்து தெரியாதவர்கள் ஒரு குழு, எழுத்து தெரிந்து சொல் வராதவர்கள் ஒரு குழு, சொல் வந்து பத்தி வராதவர்கள் ஒரு குழு. மூன்றாவது படிக்கிறவனும் ஆறாவது படிக்கிறவளும் ஒரே பாயில் உட்காரலாம். பெரிய பிள்ளைக்கு அது கூச்சமாக இருக்கும் என்று தெரிந்தால் அவளிடம் தாள் கொடுக்கிற, கணக்கு எடுக்கிற பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள், கூச்சம் பாதி போய்விடும். 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். அந்தப் பெயர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பழக்கம் என்பதால் அவற்றையே வைத்துக்கொள்ளலாம். நிலை பார்த்துக் கற்பிக்கிற இந்த முறையைப் பிரதம் அமைப்பு வளர்த்தெடுத்தது. 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்ளோவும் பல ஆண்டுகள் பள்ளிகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இருபது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். கூடுதலாக வந்தால் இன்னொரு தன்னார்வலரைத் தேடுங்கள்.

வாசிக்கவைப்பது

247 எழுத்தையும் முடித்துவிட்டுச் சொல்லுக்குப் போகலாம் என்று இருந்தால் அதற்குள் பிள்ளை ஓடிவிடும். ட, ப, ம, ர, அப்புறம் 'ம்'. இந்த ஐந்து போதும் முதல் வாரத்துக்கு. படம், மடம், மரம் மூன்றும் கைக்கு வந்துவிட்டன. 'ட்' சேர்த்தால் பட்டம், மட்டம். முதல் நாளே ஒரு சொல்லைத் தானாக வாசித்த பிள்ளை மறுநாள் நமக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும்.

அட்டைகளைத் தரையில் பரப்பிச் சொல் கட்டச் சொல்லுங்கள். பழைய திருமணப் பத்திரிகையின் பின்பக்கம் இதற்கு அருமையாக இருக்கும், கெட்டியான தாள்.

தமிழில் பிள்ளைகள் சறுக்குகிற இடங்கள் சில உண்டு, அங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்ற எழுத்தைப் பார்த்தால் கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று துண்டு. அதை 'கெ', 'கா' என்று பிரித்துப் படிக்கிற பிள்ளை தன் அறிவைப் பயன்படுத்தித்தான் படிக்கிறது. அப்போது "தப்பு" என்று சொல்லாமல், கொம்பை ஒரு அட்டையிலும் காலை ஒரு அட்டையிலும் எழுதி, 'க' அட்டையை நடுவில் வைத்து இருபுறமும் அணைத்துக் காட்டுங்கள். "ரெண்டு பேரும் சேர்ந்து பிடிச்சா கொ" என்று ஒருமுறை சொன்னேன். அதற்கப்புறம் அந்தக் குழு கொ, சொ, தொ மூன்றையும் தானே கட்டியது. அடுத்தது உகர வரிசை. கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளைகிறது. இதில் விதியைத் தேடிக் குழப்ப வேண்டாம், சொல்லோடு சேர்த்துப் பழக்குங்கள்: குடம், சுவர், துணி, முறம்.

இன்னொன்று, ஒரே 'க' கல்லில் ஒரு மாதிரியும் பகலில் ஒரு மாதிரியும் தங்கத்தில் ஒரு மாதிரியும் ஒலிக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மூன்றையும் ஒரே ஒலியில் படித்துவிட்டு விழிக்கும். "நாம எப்படிப் பேசுவோம், சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். சொல் ஏற்கெனவே அதன் நாக்கில் இருப்பதால் பளிச்சென்று பிடித்துக்கொள்ளும். இதற்காகவே முதல் மாதம் பிள்ளைகள் பேசுகிற சொற்களில் கதை எழுதுங்கள். அவர்களையே சொல்லச் சொல்லி நீங்கள் எழுதினால் இன்னும் நல்லது. "நேத்து எங்க ஆடு குட்டி போட்டுச்சு" என்று அவள் சொன்னதைப் பலகையில் எழுதி, அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து நடை பிறகு வரும்.

ஒவ்வொரு நாளும் கடைசிப் பத்து நிமிடம் நீங்கள் ஒரு கதையை உரக்க வாசியுங்கள். சோதனை, கேள்வி எதுவும் கூடாது. கேட்கட்டும்.

கணக்கு

52-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 45 என்று விடை வந்தால் சந்தோஷப்படுங்கள், சிக்கல் எங்கே என்று தெரிந்துவிட்டது. 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது பிள்ளை. 'கடன் வாங்கு' என்று விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் இது சரியாகாது. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலால் கட்டுங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு கேட்டால் இரண்டுதான் இருக்கிறது, என்ன செய்வாய்? ஒரு கட்டை அவிழ்க்கும் வரை பொறுமையாக இருங்கள், நீங்களே அவிழ்த்துவிடாதீர்கள். அவிழ்த்தால் பன்னிரண்டு உதிரி. ஏழு போனால் ஐந்து, மீதி நான்கு கட்டில் ஒன்று போனால் மூன்று. 35. கடன் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அதற்குப் புரியும். பெருக்கலுக்குப் புளியங்கொட்டை, நாணயங்களுக்கு ஒரு பெட்டிக்கடை விளையாட்டு. கணக்கில் இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

வராத பிள்ளைகள்

இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போங்கள். கண்டிக்கப் போகவில்லை என்பது உங்கள் முகத்தில் தெரியட்டும். "அம்மா, பாப்பாவைக் காணோமே, உடம்பு சரியில்லையோன்னு வந்தேன்" என்றால் போதும்.

பள்ளியையே விட்டு நின்ற பிள்ளை இருந்தால், கையில் மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று பெற்றோர் தயங்குவார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையான பிள்ளையை, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, விட்டதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் இது பொருந்தும். மாற்றுத்திறன் உள்ள பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருந்தால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சொல்லுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளையை வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள், கல்யாணப் பேச்சு நடக்கிறது, யாரோ துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் 1098. இதில் நீங்களே பஞ்சாயத்து பண்ணப் போகாதீர்கள்.

கொரோனாவில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளை உங்கள் பாயில் உட்கார்ந்திருக்கலாம். 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி மறுபடி மூடினால்

தொற்று என்றில்லை, பெருமழையும் வெள்ளமும் பத்து நாளைக்குப் பள்ளியை மூடிவிடுகிறது. அதற்கு இப்போதே தயாராக இருங்கள். உங்கள் நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக மூன்று விவரம் இருக்கட்டும்: எந்தப் போன், அது எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும், போனே இல்லாத வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு. வீடியோ அனுப்புவதை விடுங்கள். மூன்று நிமிடக் குரல் பதிவு சாதாரண டேட்டாவில் இறங்கும், பத்து முறை கேட்கலாம். பட்டன் போன் மட்டும் உள்ள வீட்டுக்கு நீங்களே கூப்பிட்டு, பிள்ளையிடம் ஐந்து நிமிடம் பேசி ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். டிவி இருக்கிற வீட்டில் கல்வித் தொலைக்காட்சி 2019-லிருந்தே வருகிறது. ஆனால் டிவி திருப்பிக் கேள்வி கேட்காது, அதனால் பார்த்ததைப் பற்றி மறுநாள் நீங்கள் பேச வேண்டும். நிலைமை அனுமதித்தால் ஐந்து ஐந்து பேராக, முகக்கவசத்தோடு, திறந்த வெளியில் வாரம் இரண்டு முறை உட்காரவைக்கலாம். நாலு தாள்களைத் தைத்த ஒரு கட்டை வீட்டு வாசலில் கொடுத்து, போன வாரத்துக் கட்டை வாங்கி வருவது எந்த இணைய வகுப்பையும்விட எனக்குக் கைகொடுத்தது.

மூன்று மாதம் கழித்து

அதே நான்கு பகுதித் தாளைப் புதிய சொற்களோடு எழுதி மறுபடி சோதியுங்கள். பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, எது கூடியிருக்கிறது என்று பிள்ளைக்கே காட்டுங்கள். வகுப்பு ஆசிரியரைப் பார்த்து ஒரு நகல் கொடுங்கள். நாற்பது பேரை வைத்துக்கொண்டிருக்கிற ஆசிரியருக்கு இது பெரிய உதவி, கொடுக்கிற விதம் குறை சொல்வதாக மட்டும் இருக்கக் கூடாது. இன்னொரு நகல் வீட்டுக்கு. அந்தப் பையனின் தாள்கள் இரண்டையும் அவன் அம்மாவிடம் கொடுத்தபோது, அவர் பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, தாளில் ஒரு சொல்லைக் காட்டி மகனிடம், "இது என்ன?" என்று கேட்டார். அவன் வரியின் தொடக்கத்துக்குப் போகவில்லை. "திண்ணை" என்றான். "இது?" என்று அடுத்ததைக் காட்டினார்.